தள்ளுற எஞ்சினுக்கு யார் புள்ளி போடுவது?



"சேர்மார் மூணு பேரும் ராவைக்கு கேம் விளையாடுறாங்களாமே" என்ற கதை பள்ளிக்கூட வாசலில் இருந்து பஸார் வரைக்கும் போய்விட்டது. உண்மைதான். பயிற்சிக் கலாசாலையில் ஒரே பெட்ச்சில் படித்த நாங்கள் மூன்று பேர், கட்டாரில் இருக்கும் எங்கள் நானா ஒருவர். கேமின் பெயர் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் கிளாசிக். 2020 ஊரடங்கில் பிடித்த பழக்கம். மந்திரவாதி, சூனியக்காரன் எல்லாம் அதில் வருவதால் சிலருக்கு மனசில் ஒரு கேள்வி இருக்கும். அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்ல வந்தது கணக்கு.

40 பேர் சேர்ந்து ஒரு பெரிய எதிரியை வீழ்த்த வேண்டும். சிலர் அடி வாங்குவார்கள், சிலர் காயம் ஆற்றுவார்கள், மற்றவர்கள் அடிப்பார்கள். யார் எவ்வளவு அடித்தார் என்று திரையின் மூலையில் ஒரு பட்டியல் ஓடும். அந்தப் பட்டியல்தான் எல்லாச் சண்டைக்கும் காரணம்.

மந்திரத்தால் அடிப்பவர்களில் மேஜ், வோர்லொக் என்று இரண்டு வகுப்பு முக்கியம். வோர்லொக் எதிரி மேல் ஒரு சாபம் போட்டால் நெருப்பு, பனி அடிகள் 10% கூடும். அந்த 10% மேஜின் பெயரில்தான் ஏறும். சாபம் போட்டவருக்குப் பூச்சியம். நெருப்பு மேஜ்களுக்குள்ளேயும் இதே கூத்து. இக்னைட் என்று எதிரியைத் தொடர்ந்து எரிக்கும் ஒரு தீ உண்டு. ஐந்து பேர் விறகு போட்டாலும் முதலில் பற்ற வைத்தவர் பெயரில்தான் முழுத் தீயும் எழுதப்படும். அதோடு எதிரியின் கோபமும் அவர் மேலேயே திரும்பும். அநேகமாக ஆள் மௌத்து.

பழைய ஆட்கள் சொல்லுவார்கள், மலை ஏறும் ரயிலுக்கு ரம்புக்கனையில் இன்னொரு எஞ்சின் பூட்டுவார்கள் என்று. கடுகண்ணாவை வரைக்கும் அது மூச்சு வாங்கத் தள்ளும். கண்டியில் இறங்குகிறவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

எங்கள் நானா எடுத்தது ஷேடோ பிரீஸ்ட். சொந்த அடி குறைவு. ஆனால் அவர் எதிரியில் ஏற்றி வைக்கும் ஒரு பலவீனம், எல்லாருடைய இருள் மந்திரத்தையும் 15% கூட்டும். வோர்லொக்மாருக்கு நல்ல யோகம். இதிலும் ஒரு இடைஞ்சல். அப்போது ஒரு எதிரி மேல் 16 பலவீனங்களுக்குத்தான் இடம் இருந்தது. (2004 இல் கேம் வந்த புதிதில் அது 8 தான்!) நானா இடத்தைப் பிடிக்கிறார், பட்டியலில் கடைசியிலும் நிற்கிறார் என்று எங்கள் குழுத் தலைவருக்கு எரிச்சல். "ஹீலராக மாறு, இல்லாட்டி இடத்தை விடு" என்று மெசேஜ் வந்தது. வேலை முடிந்து களைத்து வந்து உட்காருகிற மனிசனுக்கு இப்படி.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. கொப்பிக் கடதாசியில் கணக்கு எழுதி போட்டோ எடுத்து அனுப்பினோம். ஐந்து வோர்லொக் தலா 100 அடிக்கிறார்கள் என்று வையுங்கள். 15% கூடினால் ஆளுக்கு 15, மொத்தம் 75. நானாவின் சொந்த அடி வெறும் 60 என்றாலும் அவரால் வருவது 135. மேஜை விடக் கூட.

அந்தக் கணக்கை எழுதும்போதுதான் கேம் செய்பவர்களின் தலையிடியும் விளங்கியது. வோர்லொக் இரண்டே பேர் என்றால் 135 அப்படியே 90 ஆகிவிடும். ஒரே ஆள், ஒரே திறமை, பக்கத்தில் நிற்பவர்களைப் பொறுத்துப் பெறுமதி மாறுகிறது. சரி, 60 ஐ 100 ஆக்கிவிடலாமே? ஆக்கினால் காயமும் ஆற்றத் தெரிந்த ஒருவர் மேஜ் அளவுக்கு அடிப்பார். பிறகு அடிக்க மட்டுமே தெரிந்த மேஜை யார் எடுப்பார்? இந்தத் தர்க்கம் பல வருடம் ஓடியது. 2007 இல் பேர்னிங் குருசேட் வந்த காலத்தில் 16 ஐ 40 ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் ஓய்ந்தபாடில்லை.

நமக்கு இது புதிதா? ஏ.எல். பிள்ளைகளுக்கு 2001 இல் இருந்து இசட் புள்ளி. ஒரு பாடம் லேசு, மற்றது கஷ்டம் என்று நிரவப் பார்க்கிறார்கள். அதற்கு மேல் 40% திறமைக்கு, 55% மாவட்டத்துக்கு, 5% பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கேகாலைப் பிள்ளையிடமும் கொழும்புப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள், இரண்டு பேரும் தனக்குத்தான் அநியாயம் என்பார்கள்.

கணக்கைப் பார்த்த தலைவர், "சரி, ஒரு ஷேடோ பிரீஸ்ட் இருக்கட்டும்" என்றார். நானா பட்டியலின் கடைசியில் நின்றுகொண்டு சந்தோஷமாக விளையாடினார். அடுத்த மாதம் இன்னொரு ஷேடோ பிரீஸ்ட் வந்து சேர்ந்தார், நானாவை விட நல்ல சாமான்களோடு. அந்த 15% ஒரு தடவைதான் கூடும், இரண்டு பேர் இருந்தாலும் 30 ஆகாது. இரண்டாவது ஆளின் பெறுமதி 60 தான். தலைவர் எங்கள் கொப்பிக் கடதாசியின் போட்டோவையே திருப்பி அனுப்பினார்.

நானா அன்றிலிருந்து ஹீலர்.