காலேஜா, ஆன்லைனா? விழுப்புரம் கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். "எல்லாமே ஆன்லைன்ல கெடைக்குது, மூணு வருஷத்த எதுக்கு வீணாக்கணும்? டிகிரி எல்லாம் சும்மா பேப்பர்" என்று யாராவது ஒருவர் சொல்வார். சொல்பவர் பெரும்பாலும் அந்தப் பேப்பரை ஏற்கெனவே வாங்கி, அதைக் காட்டி ஒரு வேலையிலும் உட்கார்ந்திருப்பவர் என்பது தனிக்கதை :)

இந்த வாதம் பிறந்த ஊர் அமெரிக்கா. 2012-ல் கோர்செரா, எட்எக்ஸ், உடாசிட்டி எல்லாம் அடுத்தடுத்து வந்தபோது இனிமேல் பல்கலைக்கழகங்களே தேவைப்படாது என்கிற அளவுக்குப் பேசினார்கள். அங்கே படிப்புக்கு வாங்கிய கடனை நடுத்தர வயது வரை கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு "மலிவான ஆன்லைன் படிப்பு" என்பது நிஜமாகவே பெரிய சேதி. அதே வாதத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் இறக்கினால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

எப்படி என்று வரவு செலவு போட்டே பார்த்துவிடலாம். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி. இரண்டிலும் பி.காம். சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மற்ற சின்னச் சின்னக் கட்டணங்கள், பரீட்சை ஃபீஸ், நோட்டு, ஜெராக்ஸ், இவ்வளவுதான் செலவு. பஸ் பாஸ் இலவசம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்து வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. மூன்று வருஷத்துக்குக் கூட்டினால் 36,000 ரூபாய் வரை மாணவரின் வரவுப் பக்கத்தில் ஏறுகிறது. இந்தப் பணம் ரெகுலர் காலேஜுக்குத்தான். தொலைதூரக் கல்வியில் சேர்ந்தால் கிடையாது என்பது அந்தத் திட்டங்களின் விதி.

எதிர்ப் பக்கத்தில் ஆன்லைன் பட்டம். அதில் நல்ல பெயர் உள்ளது ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020 ஜூனில் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பு. ஜே.இ.இ. கிடையாது. தகுதித் தேர்வில் தேறினால் எந்த ஊரிலிருந்தும் படிக்கலாம். நடுவிலேயே சர்டிபிகேட்டோ டிப்ளமோவோ வாங்கிக்கொண்டு நிறுத்தவும் வழி உண்டு. எந்தச் சலுகையும் இல்லாதவருக்கு நான்கு வருஷ முழுப் படிப்புக்கும் மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். சாதி, குடும்ப வருமானம் பார்த்து 75 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு என்றாலும், திண்டிவனம் அரசுக் கல்லூரியோடு விலையில் போட்டி போட முடியாது. தனியார் பொறியியல் கல்லூரியோடு ஒப்பிட்டால்தான் அது மலிவு. ஆக, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் "ஆன்லைன் மலிவு" என்று பேசுவது பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது மாதிரி.

அப்படியானால் ஆன்லைன் படிப்பால் பிரயோஜனமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் காலேஜுக்குப் பதிலாக அல்ல, காலேஜோடு சேர்த்து.

சி.ஏ. படிப்பையே எடுத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் இந்தப் பக்கத்து மாணவர் ஒருவர் சி.ஏ. கோச்சிங் போக வேண்டுமானால் சென்னையில் ரூம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாண்டிச்சேரிக்குத் தினமும் பஸ் பிடிக்க வேண்டும். கோச்சிங் ஃபீஸை விட ரூம் வாடகையும் சாப்பாட்டுச் செலவும்தான் ஆளைக் கொல்லும். இப்போது ஐ.சி.ஏ.ஐ. அமைப்பே ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் மூன்றுக்கும் நேரலை வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது. மயிலத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். இங்கே ஆன்லைன் ஜெயித்துவிட்டது, மறுபேச்சே இல்லை. ஆனாலும் அதே சி.ஏ.வில் ஆர்ட்டிகிள்ஷிப் என்று ஒன்று இருக்கிறது. 2023-ல் மூன்று வருஷத்தை இரண்டாகக் குறைத்தார்களே தவிர, அதை வீடியோவாக மாற்றவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் போய் உட்கார்ந்து, வவுச்சர் வவுச்சராகப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது என்.பி.டெல். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல் பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். சர்டிபிகேட் வேண்டுமானால் மட்டும் 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 500 ரூபாய். இந்த "நேரில் போய்" என்பதுதான் விஷயமே. ஆன்லைன் சர்டிபிகேட்டில் எதற்காவது மதிப்பு இருக்கிறது என்றால், ஒரு கண்காணிப்பாளர் எதிரே நின்றுகொண்டு எழுத வைத்த பரீட்சைக்குத்தான். வீட்டிலிருந்தே ஏ, பி, சி தட்டி வாங்கிய பத்து சர்டிபிகேட்டை ரெஸ்யூமில் அடுக்கினால் எந்த ஹெச்.ஆரும் மயங்குவதில்லை.

பணம் கட்டுவதில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஹார்வர்டு, எம்.ஐ.டி. நடத்திய எட்எக்ஸ் பாடங்களை ஆராய்ந்து 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-ல் பாடங்களில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். நூறு பேர் சேர்ந்தால் மூன்று பேர்! ஆனால் சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள். முடிக்க நினைப்பவர்தான் பணம் கட்டுகிறார் என்றும் சொல்லலாம், பணம் கட்டியதால் ரோஷம் வந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

முழுக்க ஆன்லைன் என்றால் இந்த ஊரில் எப்படி இருக்கும் என்பதை யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கொரோனா காலத்திலேயே பார்த்தாயிற்று. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டாவை இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் டேட்டா வந்தாலும் போன் வேண்டுமே. வீட்டில் இருப்பது ஒரு போன், படிப்பது அண்ணனும் தங்கச்சியும் என்றால் போன் யார் கையில் இருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தத் தங்கச்சிக்குத்தான் இந்த விவாதத்தில் இழப்பதற்கு நிறைய இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சி பிரியாத விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறக்குறைய 72 சதவீதம், மாநிலத்துக்கு 80. பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. அந்த அம்மாக்களின் மகள்கள்தான் இப்போது செஞ்சியிலிருந்தும் மேல்மலையனூரிலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். "காலேஜுக்குப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தோழிக்காகக் காத்திருக்கலாம். நூலகத்தில் உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி. புத்தகம் புரட்டலாம். பேங்க் செல்லான் நிரப்பக் கற்கலாம். சீனியர் அக்கா எந்த ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார் என்று தெரிந்துகொள்ளலாம். இது எதுவும் சிலபஸில் இல்லை. "அதான் ஆன்லைன்லயே படிக்கலாமாமே, வீட்லயே இரும்மா" என்று அப்பா சொல்லிவிட்டால் பாடம் அப்படியே கிடைக்கும், இது எல்லாம் போய்விடும். காலையில் கறவை, மத்தியானம் சமையல், நடுவில் வீடியோ. அடுத்த தை மாதம் ஜாதகம் கையில் எடுப்பார்கள். படிக்கிற பெண் என்ற பெயர் வெளியே போய் வருகிற பெண்ணுக்குத்தான் கிடைக்கிறது. இது நியாயமா என்று கேட்டால் இல்லை. நடப்பது இதுதான்.

பட்டத்தின் மதிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. குரூப் 2 ஆகட்டும், பேங்க் பி.ஓ. ஆகட்டும், விண்ணப்பம் போடவே டிகிரி வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொலைதூர, ஆன்லைன் பட்டங்களும் ரெகுலர் பட்டத்துக்குச் சமம்தான் என்று 2022 செப்டம்பரில் யூ.ஜி.சி. தெளிவாகச் சொல்லிவிட்டது. "அங்கீகாரம் பெற்ற" என்ற இரண்டு வார்த்தையில்தான் ஆபத்து. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழக அரசு 2009-லேயே அரசாணை போட்டது. எத்தனையோ பேர் பட்டம் வாங்கிய பிறகுதான் அதைத் தெரிந்துகொண்டார்கள். யூ.ஜி.சி. தளத்தில் பட்டியல் இருக்கிறது, அட்மிஷன் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒதுக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

காலேஜோடு சேர்த்துப் படிப்பதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தில் படித்த பாடத்தை கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று யூ.ஜி.சி. 2016-ல் அனுமதித்தது. 2021-ல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. என்.பி.டெல். பாடங்களும் அந்த ஸ்வயம் வழியாகத்தான் வருகின்றன. ஆனால் அந்த கிரெடிட் மார்க் ஷீட்டில் ஏறுவது காலேஜும் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்வதைப் பொறுத்தது. சேருவதற்கு முன்னாலேயே துறைத் தலைவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். காலேஜில் என்.பி.டெல். உள்ளூர் மையம் ஒன்று இருந்தால் இந்த வேலையெல்லாம் சுலபமாகிவிடும். அதைத் தொடங்கக் கல்லூரி பணம் கட்ட வேண்டியதில்லை, ஒரு ஆசிரியர் பொறுப்பேற்றால் போதும்.