பாதையின் ஹக்கு

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் ஓர் ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது செவில் நகரம். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தபோது அதன் பெயர் இஷ்பீலிய்யா. அல்வாதில் கபீர், அதாவது பேராறு என்று அரபு மக்கள் இட்ட பெயரே இன்று ‘குவாடல்கிவிர்’ எனத் திரிந்து அந்த ஆற்றுக்கு வழங்குகிறது. நகரின் பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் இப்போது பேராலயம் நிற்கிறது. ஆனால், முவஹ்ஹிதீன்கள் 1198-இல் கட்டி முடித்த மினாரா, தலையில் ஒரு மணிக்கூண்டைச் சுமந்தபடி ‘ஹிரால்டா’ என்ற பெயரோடு இன்றும் உயர்ந்து நிற்கிறது.

அந்த மினாராவின் உள்ளே மேலேறப் படிக்கட்டுகள் அமைக்கப்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்று செல்லும் 35 சரிவுப் பாதைகளே உள்ளன. நாளொன்றுக்கு ஐந்து முறை ஏற வேண்டிய முஅத்தின், வாகனப் பிராணியின் மீதமர்ந்தே மேலே செல்வதற்காக இவ்வாறு அமைத்தார்கள் என்று கூறுவர். ஏறுகிறவரின் களைப்பை எண்ணிப் பார்த்துக் கட்டிய கட்டடம் அது.

அதே நகரில் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இப்னு அப்தூன் என்பார் ‘ஹிஸ்பா’ எனப்படும் நகர மேற்பார்வை குறித்து ஒரு நூல் எழுதினார். அளவை, நிறுவை, செங்கல்லின் அளவு, ஓடக்காரர்களின் ஒழுங்கு என்று அன்றாட வாழ்வின் சிறு செய்திகளையெல்லாம் அந்நூல் ஆராய்கிறது. ஆற்றில் தண்ணீர் மொண்டு சுமந்து பிழைப்போருக்கென்று கரையில் தனியிடம் ஒதுக்கப்பட வேண்டும், அங்கே பிறர் புகுந்து நெருக்கக் கூடாது என்பதும் அவர் வகுத்த ஒழுங்குகளில் ஒன்று. எளியவனுக்கு என்று ஓர் இடத்தை வரையறுத்துக் காக்காவிட்டால் வலியவன் அதை விழுங்கிவிடுவான் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இஷ்பீலிய்யாவின் பச்சை வழி

ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து அதே நகரம் அதே பாடத்தை வேறொரு வடிவில் படித்தது. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் செவில் நகர வீதிகள் கார்களின் கையில் இருந்தன. மிதிவண்டிப் பாதை என்று இருந்தவை ஒன்றோடொன்று இணையாத துண்டுகளே. மிதிவண்டியில் செல்வோர் வெகு சிலர். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும் ஊரில் யார் மிதிவண்டி ஓட்டுவார் என்று பலரும் நகைத்தனர்.

மிதிவண்டியோர் சங்கம் ஒன்று 1980-களிலிருந்தே கேட்டு வந்த கோரிக்கையை நகராட்சி இறுதியில் ஏற்றது. 2006-இல் தொடங்கிய பணியில், சில ஆண்டுகளுக்குள்ளேயே நகரம் முழுவதையும் இணைக்கும் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தனிப்பாதை உருவாயிற்று. ஒரு தெருவில் இன்று, மற்றொரு தெருவில் ஐந்தாண்டு கழித்து என்று தவணை முறையில் போடாமல், முதன்மைப் பாதைகள் அனைத்தையும் ஒரே மூச்சில் போட்டு இணைத்ததே அத்திட்டத்தின் உயிர்நாடி. நடுவில் அறுந்துபோகும் பாதையில் தாய் தன் பிள்ளையை அனுப்ப மாட்டாள் அல்லவா?

அப்பாதை பச்சை வண்ணம் பூசப்பட்டு, இரு திசையிலும் செல்லத்தக்கதாய், வேலியாலோ கல் விளிம்பாலோ கார்களிடமிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது. இதற்கான இடம் வானத்திலிருந்து இறங்கவில்லை. வீதியோரம் கார்கள் நின்றிருந்த ஏறத்தாழ 5,000 இடங்கள் எடுக்கப்பட்டன. கார் வைத்திருந்தோர் முணுமுணுத்தனர். பல இடங்களில் பச்சைப் பாதை நடைமேடையை ஒட்டிச் சமதளத்தில் செல்வதால், நடந்து செல்வோரிடமிருந்தும் முறையீடு எழுந்தது. எனினும் சில ஆயிரங்களாக இருந்த அன்றாட மிதிவண்டிப் பயணங்கள் சில ஆண்டுகளில் 60 ஆயிரத்தைத் தாண்டின. வெயில் குறையவில்லை, மக்களின் இயல்பும் மாறவில்லை. அச்சம்தான் நீங்கிற்று.

குழந்தைகளுக்காக எழுந்த மக்கள்

மிதிவண்டி என்றதும் நெதர்லாந்து நாடே பலருக்கும் நினைவுக்கு வரும். அந்நாட்டு மக்கள் பிறவியிலேயே மிதிவண்டிப் பிரியர்கள் என்றும், மலையில்லாத நிலம் என்பதால் அது எளிதாயிற்று என்றும் கூறுவர். வரலாறு வேறு கதை சொல்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செல்வம் பெருகியபோது அந்நாடும் கார்களுக்காகத் தெருக்களை அகலப்படுத்தியது. பழைய குடியிருப்புகளை இடித்தது. உத்ரெக்ட் நகரில் பழைய அகழியின் ஒரு பகுதியிலிருந்து நீரை அகற்றிவிட்டு வாகனச் சாலை போட்டார்கள்.

அதற்கு அம்மக்கள் கொடுத்த விலை கொடிது. 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தன் மகளைச் சாலையில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்னும் தலைப்பில் 1972-இல் கட்டுரை எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் பிள்ளைகளோடு வீதிக்கு வந்தனர். ‘விபத்து’ என்று ஊர் சொல்லி வந்ததை அவர்கள் ‘கொலை’ என்றே அழைத்தனர். தெரிந்தே ஆபத்தான வழியை வைத்திருப்பது தற்செயல் ஆகாது என்பது அவர்களின் வாதம்.

அச்சமயத்தில்தான் 1973-ஆம் ஆண்டு ரமளான் போர் மூண்டது. இஸ்ரேலுக்குத் துணை நின்ற நாடுகளுக்கு அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தன. நெதர்லாந்தும் அவற்றுள் ஒன்று. எரிபொருளை மிச்சப்படுத்த, அவ்வாண்டு நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக் கிழமைகளில் அந்நாட்டில் கார்கள் ஓடத் தடை விதிக்கப்பட்டது. நெடுஞ்சாலைகளில் பிள்ளைகள் விளையாடினார்கள். வீதி எப்படி இருக்கக் கூடும் என்பதை மக்கள் கண்ணால் கண்டுகொண்டனர்.

பின்னர் வந்த ஆண்டுகளில் தனிப்பாதைகள் பெருகின. குடியிருப்புத் தெருக்களில் வாகனங்களின் வேகம் குறைக்கப்பட்டது. காரோட்டி மிதிவண்டியின் மீது மோதினால், பெரும்பாலும் காரோட்டியின் தரப்பே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று சட்டம் வைத்தனர். அடிபட்டது 14 வயதுக்குட்பட்ட பிள்ளையானால் ஏறக்குறைய முழுப் பொறுப்பும் அத்தரப்பையே சாரும். அதிகக் கனமுள்ள வாகனத்தைச் செலுத்துபவருக்கு அதிகப் பொறுப்பு என்பதே இதன் கருத்து.

இன்று உத்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் 12,500 மிதிவண்டிகளை நிறுத்தலாம். சாலையாக்கப்பட்ட அந்த அகழியில் 2020-இல் மீண்டும் நீர் பாய்ந்தது. அந்நாட்டில் ஆண்டுதோறும் சாலையில் மடிவோர் அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 600 முதல் 750 வரை. இதிலும் ஒரு துயரம் உண்டு: அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் மிதிவண்டியில் சென்றவர்கள், அவர்களுள் பெரும்பகுதியினர் முதியவர்கள். வேலை முடிந்துவிட்டது என்று அங்கேயும் யாரும் சொல்வதில்லை.

பிற நகரங்கள்

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் வீதி மூன்று மட்டங்களாக அமைந்துள்ளது. கார்கள் கீழ் மட்டத்தில். ஒரு கல் விளிம்பு உயரத்தில் மிதிவண்டிகள். அதற்கும் மேலே நடப்போர். அராபியரும் துருக்கியரும் கடை வைத்திருக்கும் நோரேப்ரோ வீதியில், காலை நேரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துச் சென்றால், சிக்னல் விளக்குகள் அடுத்தடுத்துப் பச்சையாகவே வரவேற்கும். பனி கொட்டிய நாளில் முதன்மை மிதிவண்டிப் பாதைகளை விடியலுக்கு முன்பே துப்புரவு செய்துவிடுகிறார்கள்.

செல்வம் மிகுந்த நாடுகளுக்குத்தான் இது இயலும் என்பார்க்குக் கொலம்பியாவின் பொகோட்டா விடை கூறும். 1974-இல் தொடங்கிய வழக்கப்படி ஞாயிறு, விடுமுறை நாள்களில் காலை 7 மணி முதல் பகல் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகள் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. பாட்டனும் பேரனும் அங்கே ஒன்றாக மிதிக்கிறார்கள்.

மவ்லானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் துருக்கியின் கோன்யா நகரிலும் மிதிவண்டிப் பாதைகள் 500 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. மிதிவண்டியோடு ஏறுவோருக்கென்றே ஒரு டிராம் வண்டியை அந்நகராட்சி ஓட்டுகிறது.

புதுக்கோட்டை காட்டிய வழி

இவற்றையெல்லாம் படிக்கும்போது நம் மண்ணில் நடந்த ஒன்றை மறத்தலாகாது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் பிறருக்குக் கற்பிக்க ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டியிருந்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார் மிதிவண்டிப் பயிற்சியை இயக்கத்தின் பகுதியாக்கினார். ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டனர். நம் சமுதாயப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பெண்களுக்கான வண்டி போதாதபோது, குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியிலேயே அவர்கள் சென்றனர். தண்ணீர்க் குடமும் விளைபொருளும் பிள்ளையும் அந்த வண்டியில் ஏறின. பேருந்துக்குக் காத்திருந்து பாதி நாளை இழந்த பெண்ணுக்கு அவளுடைய நேரம் திரும்பக் கிடைத்தது.

இது நாணத்துக்கு ஒவ்வுமா என்று கேட்டோர் அன்றும் இருந்தனர். ஒட்டகத்தில் ஏறிச் செல்லும் பெண்களில் சிறந்தவர்கள் என்று குறைஷிப் பெண்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதை இங்கே நினைவூட்டினால் போதும். கண்ணியமான உடையோடு தன் தேவைக்காகத் தானே வாகனம் செலுத்துவது அந்தப் பாராட்டுக்கு அயலானதன்று.

2005 முதல் தமிழக அரசு, அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கியது. இது பெரும் நன்மை. எனினும் வண்டியைக் கொடுத்த நாம் அது செல்ல வழியைக் கொடுத்தோமா? லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே, சாலையோரப் புழுதியில் சறுக்கியபடி செல்கிறாள் நம் பிள்ளை. அஞ்சிய பெற்றோர் வண்டியைத் திண்ணையில் சாய்த்துவிடுகின்றனர்.

ஈமானின் ஒரு கிளை

பாதையில் கிடந்து துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பது நபிமொழி. பாதையோரம் அமர்ந்தே ஆக வேண்டுமானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் அண்ணலார் அறிவுறுத்திய செயல்களுள், பிறருக்குத் துன்பம் தராதிருப்பதும் ஒன்று. வழியின் அகலம் பற்றிப் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்றும் அவர்கள் தீர்ப்பளித்தார்கள். வீட்டுக்காரரின் வசதிக்கு முன்னால் வழிப்போக்கரின் உரிமையை வைத்த தீர்ப்பு இது.

முள்ளையும் கல்லையும் அகற்றுவது நன்மை என்றால், பிள்ளையின் வழியை அடைத்து நிற்கும் காரை அகற்றுவது என்ன? ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் தெருவை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். தொழுகைக்கு விரையும் அவசரத்தில் தெருவின் இருபுறமும் வாகனங்களை நிறுத்திவிடுகிறோம். அவ்வழியே செல்லும் பெண்ணும் நோயாளியும் முஸ்லிமல்லாத அயலாரும் ஒதுங்க இடமின்றித் தவிக்கிறார்கள்.

நகராட்சியிடம் கேட்க வேண்டியதை ஜமாஅத்தாக நின்று கேட்போம். நம் கையில் இருப்பதை இன்றே செய்வோம். பள்ளிவாசல் வளாகத்தில் மிதிவண்டிகளுக்கு நிழலுள்ள ஓர் இடம். மக்தப் விடும் நேரத்தில் தெருமுனையில் பெரியவர் இருவர். நடக்கும் தொலைவில் வீடிருப்போர் காரை வீட்டிலேயே விட்டு வருதல். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டா. இஷ்பீலிய்யாவின் ஆற்றங்கரையில் தண்ணீர் சுமந்தவருக்கு அன்று ஓர் இடம் காக்கப்பட்டது. நம் மஹல்லாத் தெருவில் மிதிவண்டியில் வரும் பிள்ளைக்கு அப்படி ஓர் இடத்தைக் காப்பது நம் பொறுப்பு. அல்லாஹ் அதற்கு நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.