மலையில் தெரியாத குறை



காரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "இது ஆண்பிள்ளைகளின் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குறை ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். அதை எனக்குக் கற்றுத் தந்தது எங்கள் வீட்டுப் பழைய மொரிஸ் மைனர் கார்.

என் கணவர் பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். அவர் மௌத்தாகும்போது பிள்ளைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். என் ஆசிரியச் சம்பளம், ஒரு சிறிய வீடு, அந்தக் கார். எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். 1964ஆம் ஆண்டு வண்டி அது, 1098 சி.சி. எஞ்சின். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொரிஸ் மைனர், உலகெங்கும் பதினாறு லட்சத்துக்கு மேல் விற்பனையானது. நம் நாட்டில் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால், கையிலிருந்த வண்டியைப் பழுது பார்த்துப் பார்த்தே ஓட்டிப் பழகினார்கள் நம் மக்கள். அதனால்தான் இன்றும் அது நம் வீதிகளில் ஓடுகிறது.

2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீட்டர் என்று கொடுத்த காலத்தில் எங்கள் வண்டி பெரும்பாலும் வீட்டோடு நின்றது. அடுத்த வருடம் மகளை அம்பாந்தோட்டையில் கட்டிக் கொடுத்தோம். அவளைப் பார்க்க முதன்முறை போனபோதுதான் இந்தத் தொல்லை ஆரம்பமானது.

வழியைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். பதுளையிலிருந்து ஹாலிஎல, தெமோதரை, எல்ல வரைக்கும் வளைவும் ஏற்றமும். எல்லவிலிருந்து இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாய வரைக்கும் ஒரே இறக்கம். அதுவரை கார் தங்கமாக ஓடியது. வெல்லவாய தாண்டி, தனமல்வில போகும் சமதரை வீதியில் 40 மைல் வேகத்தில் காலை ஒரே நிலையில் வைத்தேனோ இல்லையோ, எஞ்சின் உதறத் தொடங்கிற்று. இருமல்காரர் பேசுவதைப் போல விட்டு விட்டு இழுத்தது. காலை அழுத்தினால் உதறல் போய்விடும். பழைய வேகத்துக்கு வந்தால் மறுபடி உதறும்.

பதுளைக்குத் திரும்பி கராஜில் காட்டினேன். பாஸ் வண்டியை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஒரு குறையும் இல்லையே!" என்றார். ஆனாலும் வந்ததற்கு பிளக் நான்கையும் மாற்றினார். அடுத்த முறை, நின்ற வண்டியில் துரு இறங்கியிருக்கும் என்று பெற்றோல் டேங்கைக் கழுவினார். அதற்கடுத்த முறை கொயில். மூன்று முறை போனேன். மூன்று முறையும் பணம் போனது. உதறல் மட்டும் போகவில்லை. கடைசியில், "எஞ்சினைக் கழற்றத்தான் வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேலே போகும்" என்றார்.

அந்த நேரம் மகள் ஏழு மாதம். தலைப்பிரசவம். கட்டாரிலிருந்து மகன் போனில், "உம்மா, அத வித்துடுங்கோ. தங்கச்சிட வீட்டுக்குப் போக வேன் ஒன்டு புடிச்சித் தாறன்" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நடுச்சாமத்தில் மகளுக்கு வலி வந்தால் யாரையும் எழுப்பாமல், யாரிடமும் கேட்காமல் புறப்பட என்னிடம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அதை விற்றால் என் கால் ஒன்றை விற்றதுபோல.

அப்போதுதான் என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பனாரைச் சந்தித்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஸ்டோரில் முப்பது வருடம் டீசல் எஞ்சின் பார்த்தவர். கதையைச் சொன்னதும் அவர் காரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கழட்டுறதுக்கு முந்தி ஒன்னு சொல்லுங்க டீச்சர். எப்ப உதறுது? மலை ஏறயிலயா, எறங்கயிலயா, சமதரையிலயா? கால் எங்க இருக்கு அப்ப?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கராஜில் "வண்டி உதறுது" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். எந்த வீதியில், எந்த வேகத்தில் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சமதரையில் வரும் குறையை மலையில் ஓட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும்?

பெரியவர் சொன்னபடி ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, தம்பி மகனையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு மீண்டும் வெல்லவாய வீதிக்குப் போனேன். ஒரு தடவைக்கு ஒரு சோதனை மட்டும். அவன் எழுதிக்கொண்டு வந்தான்.

முதலாவது, உதறும்போது கிளட்சை மிதித்து எஞ்சினைப் பிரித்துவிடுவது. அப்போதும் உதறினால் குறை டயரிலோ சக்கரத்திலோ இருக்கலாம். எங்களுக்கு உதறல் நின்றது. ஆகவே எஞ்சின் பக்கம்தான்.

இரண்டாவது, சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பது. பண்டாரவளை போன்ற 1,200 மீற்றர் உயரத்தில் காற்று கடற்கரையைவிட எட்டில் ஒரு பங்களவு மெலிந்தது. அங்கே கணக்காக வைத்த காபரேட்டர் கீழே இறங்கியதும் பெற்றோலைக் குறைவாகக் கலக்கும். அதுதான் காரணமென்றால் சோக்கை இழுத்ததும் உதறல் குறைய வேண்டும். குறையவில்லை.

மூன்றாவது, காலை நன்றாக அழுத்துவது. பெற்றோல் வரத்துக் குறைவு என்றாலோ, கொயில் பலவீனம் என்றாலோ, பாரம் கூடும்போதுதான் அதிகமாகத் திணறும். எங்கள் வண்டியோ அழுத்தினால் சுகமாகிவிடுகிறது!

கொப்பியைப் பார்த்த பெரியவர், காபரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் காட்டினார். அந்த வெக்கியூம் குழாயை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழற்றி, காற்றுப் போகாதபடி சிறு திருகாணியால் அடைத்துவிட்டு, அதே வீதியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினேன். 40 மைலில் கார் பட்டுப்போல ஓடியது. தம்பி மகன், "மாமி, நின்டுட்டு!" என்று கத்தினான்.

விளக்கம் இதுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே ஒரு சிறிய தட்டு. பொயின்ட் அதன்மேல்தான் இருக்கிறது. கால் லேசாக, சீராக இருக்கும்போது எஞ்சினுக்குள் போகும் கலவை மெதுவாக எரியும். அதனால் தீப்பொறி சற்று முந்தி வர வேண்டும். அதற்காக அந்தக் குழாய் காற்றை உறிஞ்சி, தட்டைக் கொஞ்சம் திருப்புகிறது. காலை அழுத்தினால் உறிஞ்சல் குறைந்துவிடும். காலை முழுதாக எடுத்தால் அந்த இடத்தில் உறிஞ்சலே இராது. இரண்டிலும் தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். மலையில் ஏறும்போது அழுத்துகிறோம், இறங்கும்போது காலை எடுத்துவிடுகிறோம். ஆகவே தட்டு திரும்பியே நிற்பது சமதரையில் சீராக ஓடும்போது மட்டும்தான்.

மூடியைத் திறந்து, தட்டை உடலோடு சேர்க்கும் எர்த் வயரைப் பெரியவர் லேசாக இழுத்தார். ரப்பர்போல நீண்டது. மேலே துணி உறை முழுதாக இருக்கிறது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து கிடக்கின்றன. எத்தனையோ வருடம் மடங்கி மடங்கி அறுந்தவை. தட்டு திரும்பும்போது தொடுப்பு விட்டது. திரும்பி வந்தால் ஒட்டிக்கொண்டது. வளையக்கூடிய மெல்லிழை வயர் ஒன்றைப் போட்டு, பொயின்ட் இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 15 என்று வைத்து, குழாயையும் மாட்டிவிட்டார். குழாயைக் கழற்றியபடியே விட்டாலும் ஓடும், ஆனால் பெற்றோல் கூடக் குடிக்கும் என்றார். மொத்தச் செலவு சில நூறு ரூபா. எவ்வளவு வற்புறுத்தியும் கூலி வாங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், சகோதரிகளே. பிள்ளைகளை வளர்த்த பதினைந்து வருடமும் நான் அழுததாக யாரும் சொல்ல மாட்டார்கள். மகளைக் கட்டிக் கொடுத்து, வீடு அமைதியான பிறகுதான் எனக்குள் ஒரு உதறல் வந்தது. "எல்லாக் கடமையும் முடிந்ததே, இனி என்ன குறை?" என்று சொந்தக்காரர் கேட்டார்கள். ஏறும்போது தெரியாத குறை சமதரையில்தான் தெரியும் என்று அன்று எனக்கு விளங்கிற்று. தங்கைக்கு போன் எடுத்து, முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

ஆகவே உங்கள் வீட்டில் கார், தையல் மெஷின், தண்ணீர் மோட்டர் எது பழுதானாலும், கழற்றுவதற்கு முன்னே எப்போது பழுதாகிறது, எப்போது ஆகவில்லை என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், "பின்னேரம் கூடுது டொக்டர், விடியச் சரியாப்போகுது" என்று நாம்தானே சொல்கிறோம்? அதே கண்தான் இதற்கும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சுகப்படுத்தியது என்று தெரியாது.

மகளுக்கு வலி வந்த செய்தி விடியற்காலையில் வந்தது. சுபஹ் தொழுதுவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போனேன். தனமல்வில வீதியில் 40 மைல், ஒரு உதறல் இல்லை. பேரப்பிள்ளையை என் கையில்தான் முதலில் தந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அந்த அறுந்த வயர் இன்னும் என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது.