மாஸ்டர் மாறிட்டாராம்!

கொஞ்சம் நீளமான பதிவு. காலை நடையை முடித்துவிட்டு காபியோடு உட்காரும்போது நிதானமாகப் படியுங்கள்.

அம்பத்தூரில் எங்கள் பக்கம் ஒரு மாதமாக ஒரே பேச்சுதான். "அந்த ஓட்டல்ல மாஸ்டர் மாறிட்டாராம். சாம்பார் முன்ன மாதிரி இல்ல." காய்கறிக் கடையில் இதுதான் பேச்சு, கோயில் வாசலிலும் இதுதான், வாட்ஸ்அப் குழுவிலும் இதுதான். ஓட்டல் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

சாம்பாரோடு பேச்சு நின்றிருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். "வடக்கத்திப் பையன் சமைக்கிறான், அப்புறம் எப்படி இருக்கும்?" என்று ஒரு வரியைக் கூடவே சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் பழைய மாஸ்டரைப் பற்றிச் சொல்கிறேன். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம். பதினாலு வயதில் சென்னைக்கு வந்து மேஜை துடைத்து, மாவாட்டி, அடுப்படிக்கு வந்தவர். இந்த ஓட்டலில் மட்டும் 23 வருடம். எஸ்டேட்டில் ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு ஐந்தரைக்கே இட்லி தயாராக இருக்க வேண்டும் என்றால் அவர் மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். 23 வருடமும் அப்படித்தான் எழுந்திருந்தார்.

நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த கணக்கு. மாஸ்டருடைய கணக்கு அதற்கு மேலே இருந்தது. உளுந்து புதுசா பழசா என்று பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார். மார்கழியில் மாவு பொங்கத் தாமதமாகும் என்று சாயங்காலமே ஆட்டி வைத்துவிடுவார். சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆட்டுவார். "இதெல்லாம் எழுதி வச்சா என்ன மாஸ்டர்?" என்று கேட்டேன். "எனக்கு எழுத வராது டீச்சர், மாவுக்குப் படிக்க வராது" என்று சிரித்தார்.

நாற்பது வருடம் அடுப்பு முன்னால் நின்ற கால் அது. கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். முட்டியும் போய்விட்டது. போன தீபாவளியோடு ஊருக்குப் போய்விட்டார்.

அவர் இடத்துக்கு வந்திருப்பவர் புது ஆள் இல்லை. ஒடிசாவிலிருந்து 2016-இல் பாத்திரம் கழுவ வந்தவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மற்றவர்கள் எல்லாம் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இவரும் மாஸ்டரும் மட்டும் ஓட்டல் மாடியிலேயே தங்கிவிட்டார்கள். உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பார்சல் மட்டும்தான் என்று இருந்த அந்த மாதங்களில் அடுப்படியில் இருந்தது இரண்டே பேர். அப்போதுதான் இவர் கையில் கரண்டி வந்தது.

மாஸ்டருக்கு ஒடியா தெரியாது. இவருக்கு அப்போது தமிழ் அரைகுறை. ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இன்னொருவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மாவுக்குள் இவர் கையைப் பிடித்து விட்டு, "இந்த பதம்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார் மாஸ்டர். கிரைண்டருக்குப் பக்கத்துச் சுவரில் மார்க்கர் பேனாவால் வட்ட வட்டமாக ஏதோ எழுதியிருப்பதை நான் பார்த்தேன். ஒடியா எழுத்து. என்னவென்று கேட்டேன். "மார்கழி இவ்ளோ மணி, சித்திரை இவ்ளோ மணி, மா" என்றார். மாதப் பெயர்களைத் தமிழில்தான் சொன்னார்.

34 வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். எந்தப் பள்ளிக்கு மாறுதலாகிப் போனாலும் முதல் மூன்று மாதம் ஒரே பாட்டுதான் கேட்கும்: "பழைய டீச்சர் இப்படி சொல்லித் தர மாட்டாங்க." வட்டத்தின் பரப்பு யார் சொன்னாலும் ஒன்றுதான். ஆனாலும் புதிதாக வந்தவர் சொன்னால் பிள்ளைகளுக்கு அது வேறு மாதிரி இருக்கும். அதனால் "ருசி மாறிவிட்டது" என்றதும் எனக்குச் சட்டென்று நம்பிக்கை வரவில்லை. விசாரித்துப் பார்த்தேன்.

முதலாளி என் பழைய மாணவன். கல்லாவில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னான். துவரம்பருப்பு விலை ஏறியதால் பாதிக்குப் பாதி பாசிப்பருப்பு கலக்கச் சொல்லியிருக்கிறான். எப்போதிலிருந்து? ஆவணியிலிருந்து. அதாவது பழைய மாஸ்டர் இருக்கும்போதே! இரண்டு மாதம் அதே சாம்பாரை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்கு, அடுப்படியில் முகம் மாறிய பிறகுதான் நாக்கில் வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வடை இன்னும் கைக்கு வரவில்லை, எண்ணெய் கொஞ்சம் குடிக்கிறது. காரச் சட்னி முன்னைவிட நன்றாக இருக்கிறது. இட்லியில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. என் வீட்டுக்காரர் கண்டுபிடிக்கவில்லை. அவர் சாதாரண ஆள் இல்லை, என் சமையலில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் சொல்லிவிடுவார்.

வெளியூர்க்காரர் சமைப்பது சென்னைக்குப் புதிதா என்ன? நாம் "நம்ம ஊர் டிபன்" என்று கொண்டாடுவதில் பாதி உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் போட்ட அடுப்பு. உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவிய கிருஷ்ண ராவ் அங்கிருந்து வந்து, இங்கே ஓட்டல் அடுப்படியில் எடுபிடி வேலையில் தொடங்கியவர். அவர் வழியில் வந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 2008-இல் மூடப்பட்டபோது எத்தனை பேர் கண் கலங்கினார்கள்! இன்று செம்மொழிப் பூங்கா இருக்கும் இடம் அதுதான்.

யார் சமைக்கிறார்கள் என்பதைப் பலகையிலேயே எழுதி வைத்த காலமும் உண்டு. 1957-இல் திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்னால், பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் போராட்டம் நடத்தினார். நிறையப் பேர் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போனது. பலகையிலிருந்து போனதை நாம் வாயில் திரும்பக் கொண்டு வர வேண்டாமே.

இனி, ஊரில் யாரும் பேசாத ஒரு கணக்கு. கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு அதுதான் உறுத்தியது.

மாஸ்டர் கிளம்பும்போது சால்வை போட்டு, ஐம்பதாயிரம் ரூபாய் கவரில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனசு, மறுக்கவில்லை. எனக்கு மாதம் முதல் தேதி ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடுகிறது. என் 34 வருடத்துக்கு அரசாங்கம் பதில் சொல்கிறது. அவருடைய 23 வருடத்துக்கு யார் பதில் சொல்வது?

பணிக்கொடைச் சட்டம் 1972-இலேயே வந்துவிட்டது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைக்கும் ஓட்டலுக்கும் பொருந்தும். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் போதும். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைப் பணி வருடங்களால் பெருக்க வேண்டும். மாஸ்டரின் கடைசிச் சம்பளம் 26,000 ரூபாய். வருடத்துக்கு 15,000. 23 வருடத்துக்கு 3,45,000 ரூபாய். ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

இதை ஒரு தாளில் எழுதி என் மாணவனிடம் கொடுத்தேன். "நம்ம கடையில ஒன்பது பேருதான் டீச்சர், அதுல வராது" என்றான். நான் விரல் விட்டு எண்ணினேன். மாஸ்டர், செகண்ட் மாஸ்டர், தோசைக்கல், டீ மாஸ்டர், சப்ளை நாலு பேர், மாவாட்ட ஒருவர், மேஜை துடைக்க ஒருவர், பாத்திரத்துக்கு இரண்டு அம்மாக்கள். பன்னிரண்டு. "அந்த அம்மாங்க தினக்கூலி டீச்சர்" என்றான். அந்த இரண்டு பேரை விட்டாலும் பத்து வருகிறதே என்றேன். பேசாமல் இருந்தான்.

அவனைக் குற்றவாளியாக்க நான் எழுதவில்லை. கடை வாடகை, சிலிண்டர் விலை, உணவு ஆப்களுக்குக் கொடுக்கும் கமிஷன் எல்லாம் அவன் கழுத்தில் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து அவனே போன் செய்தான். கொடுத்த ஐம்பதாயிரம் போக மீதி 2,95,000-ஐ ஒரேயடியாக முடியாது, மாதம் பத்தாயிரமாக அனுப்புகிறேன் என்றான். சட்டப்படி முப்பது நாளில் முழுவதும் கொடுக்க வேண்டியது. அதையும் அவனிடம் சொன்னேன். மாஸ்டரிடம் கேட்டதற்கு, "மாசாமாசம் வந்தா எனக்கும் சம்பளம் மாதிரி இருக்கும் டீச்சர்" என்றார். இதுவரை மூன்று மாதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மீதியும் போய்ச் சேரும் வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். வீட்டுப்பாடம் விஷயத்தில் என்னை அவன் அறிந்தவன்.

புது மாஸ்டருக்கு மாதம் 20,000. 21,000 வரை வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள். அவர் பங்கு 150 ரூபாய், முதலாளி பங்கு 650 ரூபாய். மொத்தம் 800 ரூபாயில் ஒரு மனிதனுக்கும் அவன் குடும்பத்துக்கும் வைத்தியம். நாளைக்கு இவருடைய காலும் அப்படிப் புடைக்கத்தான் போகிறது. அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை நமக்கு ஒன்றும் தூரமில்லை. பெயரைப் பதிந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இன்னும் பதியவில்லை.

நண்பர்களே, சாம்பாரில் பருப்பு மாறியதைக் கண்டுபிடிக்கிற நாக்கு நமக்கு இருக்கிறது, சந்தோஷம். அந்தக் கவனத்தில் கொஞ்சத்தை அடுப்படிப் பக்கமும் திருப்புங்கள். வடை சரியில்லை என்றால் அவரைக் கூப்பிட்டு நேராகச் சொல்லுங்கள், தமிழ் நன்றாகப் புரியும். கூப்பிடும்போது "ஏ பையா" வேண்டாம். முப்பத்திரண்டு வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. "மாஸ்டர்" என்று கூப்பிடுங்கள். அந்த அடுப்படியில் அந்தப் பெயரை யாரும் சும்மா வாங்குவதில்லை.

உங்கள் தெரு ஓட்டலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அடுத்த முறை காபி வரும் வரை எண்ணிப் பாருங்கள். பத்து வந்தால் எனக்குச் சொல்லுங்கள். மீதிக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.