வாலுக்குக் கீழே

முயலுக்குப் புழுக்கை இரண்டு வகை. கூண்டில் உருண்டு கிடப்பது காய்ந்த புழுக்கை. அது எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு நல்லது. இன்னொன்று நம் கண்ணில் படவே கூடாதது. கருப்பாக, ஈரமாக, சின்ன உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக, மேலே மெல்லிய கோழை பூசி, கொஞ்சம் நாற்றத்தோடு வரும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் முயலுக்கு ஒரு பெரிய பை. அங்கே நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைத்துச் செய்யும் சரக்கு இது. புரதமும் பி வைட்டமின்களும் அதற்குள் இருக்கின்றன. வீடு அடங்கிய நேரத்தில் முயல் குனிந்து, ஆசனவாயிலிருந்தே நேராக வாயில் வாங்கி, மெல்லாமல் விழுங்கிவிடும்.

அது தரையில் நசுங்கிக் கிடந்தாலோ, வாலுக்குக் கீழே முடியில் அப்பியிருந்தாலோ, சாப்பிட வேண்டியதை முயல் சாப்பிடவில்லை என்று பொருள். முயலின் பின்பக்கம் நாறுகிறது என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது இதைத்தான்.

*

கீழ்வீட்டுப் பெண் படியேறி வந்தாள். "அக்கா, எங்க முயலுக்கு பேதி புடுங்குது. இன்னா குடுக்கலாம்?"

போய்ப் பார்த்தேன். கூண்டுத் தட்டில் காய்ந்த புழுக்கை நிறையக் கிடந்தது. நிஜமான பேதி என்றால் அது நின்றுபோய்த் தண்ணீராகப் போகும். முயல் மூலையில் குறுகி உட்கார்ந்துவிடும். அதுவும் இரண்டு மாதக் குட்டியாக இருந்தால் ஒரே நாளில் கதை முடிந்துவிடும், யோசிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். இது அப்படி இல்லை, அப்பியிருந்தது. "இன்னா குடுக்கலாம்னு கேக்காத, எத நிறுத்தலாம்னு கேளு" என்றேன். பட்டியல் வந்தது: காலையில் பிஸ்கட், மதியம் கேரட், சாயங்காலம் பொரி, தாத்தா யாருக்கும் தெரியாமல் ஊட்டும் வாழைப்பழம், கிண்ணத்தில் எந்நேரமும் குறையாத பெல்லட். புல்? "அது கெடச்சா போடுவோம்க்கா."

மாவும் சர்க்கரையும் உள்ளே போகப்போக அந்தப் பையின் நொதிப்பு கெடும். கொத்தாக வர வேண்டியது கூழாக வரும். பெல்லட்டால் வயிறு நிறைந்த முயலுக்கு அதைத் தின்னும் தேவையே இருக்காது. குண்டான முயலுக்கோ, குனிந்தாலும் வாய் எட்டாது. கேரட்டை முயலின் சாப்பாடாக ஆக்கிவைத்தது கார்ட்டூன் படம். முயலுக்கு அது பலகாரம்.

*

பெரம்பூரில் புல்லுக்கு எங்கே போவது? நியாயமான கேள்விதான். பிள்ளையார் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் அருகம்புல் இருக்கும். சங்கடஹர சதுர்த்திக்கு விலை ஏறும். மறுநாள் மிஞ்சிய கட்டுகளைச் சல்லிசாகத் தருவார்கள். புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் இன்னும் மாடு வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் கோ-4 கேட்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். தண்டு தடிமன் என்பதால் விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட வேண்டும். ரயில் பாதை ஓரத்துப் புல்லைத் தொட வேண்டாம், களைக்கொல்லி அடித்திருக்கும்.

வயிற்றுக்குள் போவதில் ஐந்தில் நாலு பங்கு புல்லாக இருக்கட்டும். பெல்லட் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 20, 25 கிராம் போதும். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

முயலின் பல் சாகும்வரை வளர்வது. புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். தேயாமல் கோணினால் வாய் வலிக்கும், வாய் வலிக்கிற முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யாது. வாலைக் காட்டப் போனால் டாக்டர் வாயைத் திறந்து பார்ப்பது இதனால்தான்.

*

இனி ஈ.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்கு ஒரு பருவம் சொல்வார்கள், கோடை என்று. வடசென்னையில் ஈக்கு ஏது பருவம்? ஒரு பக்கம் 300 ஏக்கருக்கு மேல் பரந்த கொடுங்கையூர்க் குப்பைமேடு, ஒரு பக்கம் ஓட்டேரி நல்லா, காற்று திரும்பினால் காசிமேடு. மாம்பழக் காலத்திலும் ஐப்பசி மழையிலும் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் சுற்றும் சாம்பல் ஈ அல்ல நாம் பார்க்க வேண்டியது. பச்சையும் நீலமுமாக மினுங்கும் உடம்பு, செங்கல் நிறத்தில் பெரிய கண்கள், ஓயாத ரீங்காரம். கருவாடு காயவைத்த இடத்தில் மொய்க்குமே, அந்தக் கிரைசோமையா கூட்டம். அதில் ஒன்று அழுகலையும் மலத்தையும் தேடிப் போவது. இன்னொன்று, கிரைசோமையா பெசியானா, உயிருள்ள உடம்பின் புண்ணையும் ஈரமான துவாரத்தையும் தேடி முட்டையிடுவது. தெருமாட்டின் கொம்படியிலும் நாயின் காதிலும் 'புழு வெச்சிருச்சு' என்று சொல்கிறோமே, பெரும்பாலும் இதன் வேலை. முயலின் வாலடியில் அப்பிய ஈரப் புழுக்கை, மூத்திரத்தில் நனைந்த முடி, இரண்டும் ஈக்கு அழைப்பு.

முட்டை வெள்ளையாக, முடியோடு ஒட்டிக்கொண்டு, தலையில் ஈறு இருப்பது போலவே இருக்கும். நம் வீட்டு ஈரோலி இதற்கு வாகான கருவி. ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே. புழு தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், முயலோ கத்தாது. வலியை மறைப்பது இரைவிலங்கின் பழக்கம். சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடக்கும், நாம் வெயில் என்று நினைத்துக்கொள்வோம். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன் என்பது இங்கே செல்லாது. காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை, வாலைத் தூக்கிப் பார்த்தாக வேண்டும்.

புழு கண்டால் தண்ணீரில் முக்கக் கூடாது. நனைந்த முடியை டாக்டரால் மழிக்க முடியாது. தெரிவதை இடுக்கியால் எடுத்துக்கொண்டே ஆட்டோ பிடிக்க வேண்டும். மாட்டுப் புண்ணுக்கு விடுகிற டர்பன்டைன் எண்ணெய், பினாயில், டெட்டால் எதுவும் வேண்டாம். முயலின் தோல் மெல்லியது, ஊற்றுவதை எல்லாம் அது நக்கவும் நக்கும். மழிப்பது, கழுவுவது, வலிமருந்து, ஐவர்மெக்டின், குளுக்கோஸ் எல்லாம் டாக்டர் பாடு.

கூண்டைச் சுற்றிப் பழைய கொசுவலை. இதைவிடச் சுலபமான காப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

*

தூக்கும் விதம். சந்தையில் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்கள், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாது. ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை புட்டத்தின் கீழே. முயலின் பின்னங்காலில் இருக்கும் வலுவுக்கு அதன் முதுகெலும்பு ஈடு கொடுக்காது. அந்தரத்தில் உதைத்தால் தன் இடுப்பைத் தானே முறித்துக்கொள்ளும். அப்புறம் பின்பக்கச் சுத்தம் என்பது ஆயுளுக்கும் நம் வேலை.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் முதுகு நம் வயிற்றில் சாயும்படி நிமிர்த்திப் பிடித்தால் எல்லாம் தெரியும். முழுதாக மல்லாத்தினால் அசையாமல் கிடக்கும்தான். சுகத்தில் அல்ல, பயத்தில்.

*

வாலடியில் ஒட்டிக் காய்ந்து போனதற்குத் தண்ணீர் தேவையில்லை. சோள மாவைத் தூவி, விரலால் உதிர்த்து, சீப்பால் வாரிவிடலாம். முகப்பவுடர் வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது.

அப்பியதற்கு மட்டும் தண்ணீர். பிளாஸ்டிக் பேசினில் இரண்டு விரல் உயரம், மணிக்கட்டில் ஊற்றினால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல். அடியில் ஒரு பழைய துண்டு, கால் வழுக்காமல் இருக்க. ஒருவர் பிடிக்க, ஒருவர் அள்ளி விட. ஊற ஊறத் தானாகக் கழன்று வரும். பிய்த்து இழுத்தால் முடியோடு தோலும் வரும். கத்தரிக்கோலும் வேண்டாம்: முடிச்சைத் தூக்கினால் தோல் கூடவே எழும்பும், எது முடி எது தோல் என்று வெட்டிய பிறகுதான் தெரியும். கழுவிய பிறகு அடிமுடிவரை துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் அதுவே புண்ணாகும், ஈயும் வரும்.

முழுக் குளியல் எதற்கும் வேண்டாம். பயத்திலேயே உயிர் போன முயல்கள் உண்டு. 'வாரா வாரம் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுறேன்' என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் கொளத்தூரில் மீன்தொட்டிகளுக்கு நடுவே முயல் விற்கிற கடையில் இதையாவது சொல்லி அனுப்பலாம். அவர்கள் சொல்வதோ வேறு. 'குள்ள ஜாதி, இவ்ளோதான் வளரும்' என்று சொல்லித் தருகிற வெள்ளைக் குட்டி பெரும்பாலும் நியூசிலாந்து வெள்ளை. வளர்ந்தால் நாலு கிலோவைத் தாண்டும். அப்பா காலத்தில் இதே வசனத்தை மூர் மார்க்கெட்டில் கேட்டிருக்கிறார்களாம். 1985-ல் மார்க்கெட் எரிந்தது, வசனம் இடம் மாறிக்கொண்டது.

*

முயல் வளர்ப்பு பற்றித் தமிழில் கிடைப்பதெல்லாம் பண்ணைக்காக எழுதியது. நீலகிரியில் சாண்டிநல்லா, கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையங்கள், இறைச்சி, எடை, ஈத்துக் கணக்கு. அதில் சொல்லும் கம்பிவலைத் தரைக்கு ஒரு நியாயம் உண்டு: புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், பின்பக்கம் சுத்தமாக இருக்கும். ஆனால் முயலின் பாதத்தில் நாய் பூனைக்கு இருக்கும் மெத்தை கிடையாது, வெறும் முடிதான். வருஷக்கணக்கில் கம்பியில் உட்கார்ந்தால் குதிகாலில் முடி கொட்டி, சிவந்து, புண்ணாகும். கால் வலிக்கிற முயல் நனைந்த இடத்தை விட்டு நகராமல் அப்படியே கிடக்கும். பின்பக்கம் மறுபடி நாறும். பண்ணை முயலுக்கு வருஷக்கணக்கு இல்லை, வீட்டு முயலுக்கு எட்டு பத்து வருஷம் இருக்கிறது. பாதிக் கூண்டுக்காவது பலகை போட்டு மேலே சாக்கு விரிக்கலாம். சாக்கைத் தினமும் மாற்ற வேண்டும்.

*

மூத்திரம் சிவப்பாக இருந்தால் உடனே பதற வேண்டாம். பீட்ரூட், கேரட், சில கீரைகள் தின்ற மறுநாள் செங்கல் நிறம்வரை போகும். சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக, காய்ந்தால் மாவாகப் படிந்தால் கால்சியம் அதிகம். தேவைக்கு மேல் உள்ள கால்சியத்தை முயல் மூத்திரத்தில்தான் தள்ளும். முருங்கைக்கீரையையும் குதிரைமசாலையும் கட்டுக்கட்டாகப் போடுகிற வீடுகளில் இது வரும். கெட்டிப்பட்டால் சொட்டுச் சொட்டாக ஒழுகித் தொடை இடுக்கு வெந்து முடி கொட்டும். மேலே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பதில் பயனில்லை, காரணம் உள்ளே இருக்கிறது.

பெட்டை முயலுக்கு ரத்தமே துளித்துளியாக வந்தால் விஷயம் வேறு. கருப்பை எடுக்காத பெட்டைக்கு நாலு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று சர்வசாதாரணம்.

*

பிறப்புறுப்பின் இரு பக்கமும் இரண்டு சிறு மடிப்புகள். உள்ளே பழுப்பு மெழுகு சேரும். முயலையே கழுவிக் கழுவியும் நாற்றம் போகவில்லை என்பவர்கள் இங்கே பார்ப்பதில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியில் துளி தேங்காய் எண்ணெய், மெதுவாக. மாதம் ஒரு முறை பார்த்தால் தாராளம்.

*

மெடிக்கல் ஷாப் வைத்தியம் பற்றி. குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் பிரிட்ஜில் மிச்சம் இருக்கும், அதில் ஒரு மில்லி. வேண்டவே வேண்டாம். பென்சிலின் வகை மருந்து வாய்வழியாகப் போனால் புல்லைப் புளிக்கவைக்கும் அந்தப் பையில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, விஷக் கிருமி பெருகி, முயல் போய்விடும். அதே பென்சிலினை, பிறப்புறுப்பிலும் மூக்கிலும் பொருக்குத் தட்டுகிற ஒரு நோய்க்கு டாக்டர் ஊசியாகப் போடுவார். நாய் உண்ணிக்குப் பிடரியில் விடுகிற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு விஷம்.

எங்கள் பக்கத்துக்கு வேப்பேரிதான் கதி. 1903-லிருந்து இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி. வரிசையில் ஆடு, பசு, ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாம் நிற்கும். கூடையை மேலே துணி போட்டு மூடி, நாய்களுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். அன்றைய புழுக்கையை, இரண்டு வகையும், ஒரு கவரில் எடுத்துப்போனால் பாதிக் கேள்விக்குப் பதில் ஆகிவிடும். ஆபரேஷன் என்றாலும் முயலைப் பட்டினி போடக் கூடாது. அதற்கு வாந்தி எடுக்கவே வராது, குடல் நின்றால்தான் ஆபத்து.

*

கார்த்திகை மழை. மொட்டை மாடியிலிருந்து கூண்டை மாடிப்படிக்குக் கீழே இறக்கியாயிற்று. சாக்கு நாலு நாளாகியும் காயாது, அதுவரை செய்தித்தாள். அதிலும் ஞாயிறு இணைப்பின் வழவழத் தாள் மூத்திரத்தை உறிஞ்சாமல் குளமாகத் தேக்கி, முயலை அதிலேயே உட்காரவைக்கும். சாதாரணத் தாளை நாலு மடிப்பாகப் போட்டு, மேலே கைப்பிடி வைக்கோல் தூவினால் மறுநாள் காலைவரை தாங்கும். கீழ்வீட்டுத் தாத்தாவிடம் பழைய பேப்பர் கேட்டிருக்கிறேன். வாழைப்பழம் நின்றதில் அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.