ஏறும்போது அவசரம் வேண்டாம்

சென்ற ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஓர் இரவு, சாப்பாட்டு வேளையில், என் மகன் ஒரு செய்தி சொன்னான். "அப்பா, ஆபீஸ் நண்பர்களோடு மால்வண் போகிறேன். கடலுக்குள் ஸ்கூபா டைவிங் செய்யப் போகிறோம்."

அவனுக்கு வயது 26. புனேயிலே பிறந்து, ஹிஞ்சவாடியிலே வேலை பார்க்கிறவன். விடுமுறை நாட்களில் கடலைப் பார்த்திருக்கிறானேயன்றி, அதை அறிந்தவனல்ல. அவன் சொன்னதைக் கேட்டதும் நான் பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. ஏனெனில், அவனுக்கு நான் இதுவரை சொல்லாத காரியம் ஒன்று உண்டு.

நான் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவன். என் சித்தப்பா சங்கு குளிப்பவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவரைக் குளியாளி என்பார்கள். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுபோனது. சங்கு குளிப்பு நிற்கவில்லை. வங்காளத்துப் பெண்கள் அணியும் வெண்சங்கு வளையலுக்காக எங்கள் கடலின் சங்கு கப்பலேறிப் போயிற்று. முற்காலத்தில் குளியாளி கல்லைப் பற்றிக்கொண்டு, மூச்சடக்கி இறங்குவான். படகிலிருப்பவர் கயிறு பிடிப்பார். "கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள், தன் சகோதரி விதவையாக அவன் விடமாட்டான்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சித்தப்பாவின் நாட்களிலோ ரப்பர் குழாய் வந்துவிட்டது. படகிலுள்ள காற்றுப் பொறியிலிருந்து குழாய் வழியே சுவாசித்துக்கொண்டு, பத்துப் பாகம் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய 18 மீட்டரில், நெடுநேரம் சங்கு பொறுக்கலாம். நான் பள்ளி இறுதி வகுப்பில் படித்தபோது ஒரு நாள், அவர் ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்தார். படகில் ஏறிச் சிரித்துப் பேசினார். அரைமணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வாதம் என்று எண்ணி மூன்று நாள் எண்ணெய் தடவினார்கள். உயிர் பிழைத்தார், கால் பிழைக்கவில்லை. இன்றும் கோலூன்றியே நடக்கிறார்.

அந்த வியாதி எங்கள் ஊருக்கு மாத்திரம் உரியதல்ல என்பதைப் பின்னாளில் வாசித்து அறிந்தேன். வேதத்தில் நாம் வாசிக்கிற கோஸ் தீவுக்கும் பத்மு தீவுக்கும் அருகே கிரேக்க தேசத்தின் கலிம்னோஸ் என்றொரு தீவு உண்டு. அந்தத் தீவாரும் அயலிலுள்ள சிமி தீவாரும் கடற்பஞ்சு எடுத்துப் பிழைத்தவர்கள். 1860களில் அவர்களுக்குச் செப்புத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் கிடைத்தன. அதிக ஆழம் போனார்கள், அதிகப் பஞ்சு எடுத்தார்கள். அநேகர் மரித்தார்கள், அநேகர் முடமானார்கள். 1900-ல் சிமி தீவார் ஆண்டிகிதேரா என்னும் இடத்தில் மூழ்கிக் கிடந்த பழங்காலக் கப்பலைக் கண்டுபிடித்துச் சிலைகளை எடுத்தபோதும், ஒருவர் இறந்தார், இருவர் முடமானார்கள். கலிம்னோஸில் இன்றும் ஒரு நடனம் உண்டு. அதை முன்னின்று ஆடுகிறவர் கோலூன்றி, கால் நடுங்க ஆடுவார். முடமான குளியாளியின் நடையே அந்த நடனம். அதை வாசித்த அன்று சித்தப்பாவை நினைத்து அழுதேன்.

காரணம் இதுதான். பத்து மீட்டர் இறங்குந்தோறும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. மெல்ல ஏறினால் மூச்சோடு வெளியேறிவிடும். சடுதியில் ஏறினால், கோலி சோடாவைத் திறந்ததுபோலக் குமிழிகள் பொங்கி நரம்பைத் தாக்கும். படிப்படியாக ஏற வேண்டிய கணக்கை ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் 1908-லேயே வெளியிட்டார். அக்கணக்கு எங்கள் படகுக்கு வந்து சேரவில்லை.

அந்த இரவு இவற்றையெல்லாம் மகனிடம் சொன்னேன். போகாதே என்று நான் சொல்லவில்லை. "உடல்நலம் பற்றிக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். உனக்குச் சிறு பிராயத்தில் இழுப்பு இருந்ததை மறைக்காதே" என்றேன். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் உள்ள ஒரு லிட்டர் காற்று, மேலே வரும்போது இரண்டு லிட்டராக விரியும். இழுப்பினால் அந்தக் காற்று அடைபட்டால் நுரையீரலே கிழியக்கூடும். ஆகவேதான் மூச்சை அடக்கக்கூடாது என்பதே ஸ்கூபாவின் முதல் சட்டம். முற்காலக் குளியாளியின் சட்டத்துக்கு இது நேர் எதிர்.

சனிக்கிழமை காலையில் அவன் போன் செய்தான். என் மனைவி அதுவரை முழங்காலில்தான் இருந்தாள். "அப்பா, எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று போட்டார்கள். நான் உண்மையை எழுதினேன். மருத்துவர் சான்று இல்லாமல் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்." அவன் குரல் தழுதழுத்தது. நண்பர்கள் நால்வரும் நீரில் இறங்க, அவன் மாத்திரம் சிந்துதுர்க்கக் கோட்டையைப் பார்த்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தானாம்.

ஆனாலும் அவன் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் இன்னொரு முறை மூழ்கிவிட்டு, உடனே இரவு வண்டி ஏறலாம் என்று நண்பர்கள் திட்டமிட்டிருந்தார்கள். இவனோ, ஞாயிற்றுக்கிழமை கோட்டையைப் பார்ப்போம், மூழ்க வேண்டாம் என்று வற்புறுத்தினான்.

வாசகரே, நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். புனே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியிலுள்ள மலைப்பாதைகள் அதைவிட உயரம். ஆம்போலி சுமார் 690 மீட்டர். ஒரு முறை மூழ்கினால் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. மலையேறுவதும் அதுபோன்றதே. ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் ஒரு முறை மூழ்குகிறவருக்கு ஆபத்து மிகக் குறைவு. பயிற்சி பெற்று இரண்டு நாள் பலமுறை ஆழம் போகிறவர் கடைசி நாளைக் கரையிலே கழிப்பது நல்லது. பிறகு மூட்டு வலியோ மரத்துப்போதலோ கண்டால், எண்ணெய் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய், கடலில் மூழ்கியதை முதலாவது சொல்ல வேண்டும்.

ஜனவரியில் மகன் தானாகவே விடுப்பு எடுத்துக்கொண்டு, "தாத்தாவைப் பார்க்க வேண்டும்" என்றான். தூத்துக்குடிக்குப் போனோம். சித்தப்பா வாசலில் அமர்ந்திருந்தார். இவன் எல்லாவற்றையும் விவரித்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கே எத்தனை பாகம் இறக்குவார்கள்?" என்றார்.

"மூன்று பாகம் இருக்கும், தாத்தா."

அவர் சிரித்தார். பின்பு, "ஏறும்போது?" என்று கேட்டார்.

"மெல்லத்தான், தாத்தா. கூடவே ஒருவர் பிடித்துக்கொண்டு வருவார்."

சித்தப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இத்தனை ஆண்டுகள் இந்தக் கதையைப் பிள்ளையிடம் நான் ஏன் மறைத்தேன் என்று அப்பொழுது என்னை நானே கேட்டுக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் சொல்லப்படாத கதை ஒன்று இருக்குமானால், பிள்ளைகள் பிரயாணம் புறப்படுமுன் சொல்லிவிடுங்கள்.