ஏற்றமும் இளைப்பாறுதலும்



லண்டனுக்குத் தெற்கே, டோர்க்கிங் நகருக்கு அருகில் பாக்ஸ் ஹில் என்னும் குன்று உள்ளது. 2012 ஒலிம்பிக் சாலை மிதிவண்டிப் போட்டியில் ஆடவர் அக்குன்றை ஒன்பது முறையும் மகளிர் இரண்டு முறையும் ஏறினார்கள். அதன் ஜிக்ஜாக் சாலை சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளமுடையது. நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயர்கிறது. பெரிய மலையன்று. ஆயினும் ஐம்பதைக் கடந்து, பழைய மிதிவண்டியில் ஏறுகிறவனுக்கு அதுவே போதும். சனிக்கிழமைக் காலைகளில் என்னை அங்கே கண்டு வியந்ததாக உங்களில் சிலர் சொன்னீர்கள். ஆகவே இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

என் மிதிவண்டி 1970களில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. முழங்கால் வலியால் ஓட்ட முடியாமற்போன அயலவர் ஒருவர் அதை எனக்குத் தந்தார். பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் அறிமுகப்படுத்திய 531 என்னும் எஃகுக் குழாய்களால் ஆனது அதன் சட்டம். ஒன்றோடொன்று இணையும் முனைகளில் அக்குழாய்கள் தடித்திருக்கும். எடை குறையும்படி நடுவில் மெலிந்திருக்கும். கியர் மாற்றும் சிறு நெம்புகோல்கள் கைப்பிடியில் இல்லை. சட்டத்தின் கீழ்க்குழாயில் உள்ளன. ஒரு கையை எடுத்து, குனிந்து, சங்கிலியின் ஓசையைக் கேட்டே மாற்றவேண்டும். மேட்டின் நடுவில் அது கடினம். ஆகையால் மேடு வருமுன்னே ஆயத்தமாக வேண்டும். அந்த ஆயத்தத்தில் எனக்கு ஒரு தனி இன்பம்.

அதன் மிக இலகுவான கியரில் முன்பக்கப் பல்சக்கரத்துக்கு 42 பற்கள், பின்பக்கத்துக்கு 24. பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 3.7 மீட்டர் செல்லும். இன்றைய வண்டிகள் பலவற்றில் முன்னும் பின்னும் 34 பற்கள் அமைகின்றன. ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டரே. ஆகவே என் வண்டியில் ஏறக் கால்களில் பெலன் இருந்தாக வேண்டும். முதல் நாள் இரண்டாம் வளைவிலேயே இறங்கித் தள்ளிச் சென்றேன்.

இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் உள்ளது என்று மருத்துவர் சொன்ன பின்னரே இதை முறையாகத் தொடங்கினேன். நம் குடும்பங்களுக்கு அந்நோய் அந்நியமானதல்ல. என் தகப்பனார் அதனால் கால்விரல்களை இழந்ததைக் கண்டவன் நான். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்று அறிந்தபோது, ஒவ்வொரு மேடும் எனக்கு மருந்தாகத் தோன்றிற்று.

வாரத்தில் மூன்று நாள் ஓட்டினேன். இரண்டு நாள் சமதரையில், உடன் வருகிறவரோடு பேசக்கூடிய வேகத்தில். ஒரு நாள் மட்டும் குன்றில்: மூன்று நிமிடம் முயன்று ஏறி, மெதுவாக இறங்கி, மூச்சு அடங்கியபின் மீண்டும் ஏறுவேன், இப்படி நான்கு முறை. ஒவ்வொரு நான்காம் வாரமும் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்தேன். கோடை முடியுமுன் ஒருநாள் இறங்காமலே உச்சியை அடைந்து, அங்குள்ள கடையில் தேநீர் அருந்தினேன்.

அந்த நான்காம் வாரத்தைக் குறித்தே உங்களிடம் பேச விரும்புகிறேன். மேட்டில் தசை களைக்கிறது. அதன் நார்கள் நுண்ணிய அளவில் சேதமுறுகின்றன. சேமித்த சக்தி குறைகிறது. உணவும் உறக்கமும் கிடைக்கும்போதே உடல் அவற்றைச் சீர்செய்து, முன்னிலும் சற்று உறுதியாகக் கட்டுகிறது. மாதங்கள் செல்லச் செல்லத் தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைச் செலுத்தப் பழகுகிறது. இளைப்பாறாமல் நாள்தோறும் தன்னை வருத்தி ஏறுகிறவனோ பெலன் குன்றிப்போகிறான்.

நம் சபையின் சகோதரி ஒருவர், நினைவு தப்பிய தம் தாயாரைத் தனியே பராமரித்து வருகிறார். அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். "பாஸ்டர், சற்று உட்கார்ந்தாலே அம்மாவுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது" என்று அவர் சொன்னார். ஓரேப் மலைக்குப் புறப்படுமுன் எலியா சூரைச்செடியின் கீழ் உறங்கி, புசித்து, மீண்டும் படுத்து, மறுபடியும் புசித்ததை அவருக்கு நினைவூட்டினேன். தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான்.

பிரியமானவர்களே, உங்களில் யாரேனும் மிதிவண்டியில் மேடேற விரும்பினால், நோயுள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பின்பு மெதுவாகத் தொடங்குங்கள். ஆனால் இளைப்பாறுங்கள் என்று பிறருக்குச் சொல்வது எளிது. அவருடைய சுமையைச் சிறிது நேரம் ஏற்றாலன்றி அவர் எப்படி இளைப்பாறுவார்? வியாழக்கிழமை மாலைகளில் அந்தத் தாயாரோடு இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்க இருவர் முன்வந்துள்ளனர். இன்னும் இருவர் தேவை. ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள்.